சுற்றுகிறது, ஆனால் ஸ்ராட் எடுக்கவில்லை

வடக்கில் மண்ணெண்ணெய் மெசின் வைத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைத்த குடும்பங்களுக்கு இந்தப் பாடத்தின் அரைவாசி ஏற்கெனவே தெரியும். அந்த மெசினை முதலில் பெற்றோலில் ஓடவிட்டு, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பிவிடுவோம். இதை ஒருவர் மறந்துவிட்டால், மறுநாட் காலையில் எத்தனை தடவை கயிற்றை இழுத்தாலும் மெசின் சுற்றுமே தவிர ஓடாது. காபரேற்றருக்குள் நிற்பது மண்ணெண்ணெய்.

காரணம் எளிது. எஞ்சினுக்குள் எரிவது திரவமல்ல, ஆவி. பெற்றோல் கடுங்குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு வேண்டும்.

1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அப்போது மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 போன்ற பழைய கார்களை நம்மவர்கள் இதே முறையில்தான் ஓட்டினார்கள். காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். கெட்டித்தனந்தான். ஆயினும் எஞ்சின் அதற்கு விலை கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக் கீழே இறங்கி, ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்தது. பிளக்குகளில் கரி படிந்தது. றிங்குகள் தேய்ந்தன.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடம்பெயர்ந்து வந்தவர்களில், தோட்டம் செய்த கையோடு வான் ஓட்டியும், ஓட்டோ ஓட்டியும், கராஜில் உதவியாளாய் நின்றும் பிழைத்தவர்கள் பலர். வாடகைக்கு ஓடும் வாகனம் காலையில் ஸ்ராட் எடுக்காவிட்டால் அன்றைய உழைப்பு போய்விடும். அதைவிடப் பெரிய நட்டம், காரணம் தெரியாமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பது. ஆகவே ஒழுங்காகச் சோதிக்கப் பழகுவோம்.

முதலில் காதால் கேளுங்கள். திறப்பைத் திருப்பும்போது "டிக்" என்று மட்டும் கேட்டாலோ, எஞ்சின் சோர்ந்து சுற்றினாலோ அது பற்றரி அல்லது ஸ்ராட்டர் சம்பந்தப்பட்டது. இன்றைய பாடம் அதுவல்ல. வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றவில்லையென்றால் மேலே படியுங்கள். வழக்கத்தைவிட இலேசாக, ஒரே சீராக, வேகமாகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். ரைமிங் பெல்ற் அறுந்திருக்கலாம். தொடர்ந்து சுற்றினால் சில எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் முட்டி வளையும். அந்த வாகனத்தைக் கட்டி இழுத்துக் கொண்டுபோவதே மலிவு.

எப்படியானாலும் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். அரை நிமிடமாவது ஸ்ராட்டரை ஆறவிடுங்கள்.

அடுத்தது பொறி. பெற்றோல் குழாயைத் தொடுமுன் பொறியைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு: பெற்றோல் சிந்திய இடத்தில் பொறி அடிப்பது ஆபத்து. கியரை நியூட்ரலில் விட்டு, கைபிரேக்கை இழுங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் மீண்டும் பொருத்தி, பிளக்கின் இரும்பு உடல் எஞ்சினில் நன்றாகப் படும்படி வையுங்கள். பிளக் கழற்றிய துவாரத்துக்குக் கிட்ட வைக்க வேண்டாம்; அதனூடாகப் பெற்றோல் ஆவி வரும். இன்னொருவர் எஞ்சினைச் சுற்ற வேண்டும். நீலப்பொறி பளிச்சென்று வந்தால் நல்லது. மங்கிய மஞ்சட் பொறி போதாது. வயரை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம்; கொயிலில் இருந்து வருவது ஆயிரக்கணக்கான வோல்ற்று. இது பழைய பொயின்ற் கார்களுக்கான சோதனை. கொம்பியூட்டர் உள்ள புதிய கார்களில் இதைச் செய்யாதீர்கள், அவற்றின் உறுப்புகள் பழுதாகலாம்.

பொறி இல்லையென்றால் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். கொழும்பில் பெருமழைக்கு மறுநாள் நிற்கும் பழைய கார்களில் மூடிக்குள் ஈரம் கண்டால் வியப்பில்லை. உலர்ந்த துணியால் மூடியின் உட்புறத்தையும், றோட்டரையும், வயர்களையும் துடைத்துவிட்டு மீண்டும் முயன்று பாருங்கள். மூடியில் தலைமயிர் போன்ற கறுப்புக் கோடு ஓடினால் அது வெடிப்பு. துடைப்பதால் பயனில்லை, மாற்ற வேண்டும். பொயின்ற் கருகியிருந்தால் மெல்லிய உரத்தாளால் தேய்த்துத் துப்புரவாக்குங்கள். மொறிஸ் மைனர் 1000 காரில் பொயின்ற் முழுவதும் திறந்து நிற்கையில் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 25 பங்கு. பொயின்ற் மூடியிருக்கையில் திறப்பை நீண்ட நேரம் போட்டு வைத்தால் கொயில் சூடேறிக் கெட்டுவிடும்.

பொறி நன்றாக இருந்தால் எரிபொருளைப் பாருங்கள். கழற்றிய பிளக் என்ன சொல்கிறது? நன்றாகச் சுற்றிய பின்னும் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்து மணத்தால் அளவுக்கு மிஞ்சி வந்துவிட்டது. மிஞ்சியிருந்தால் அக்சிலறேற்றரை அடிவரை மிதித்தபடி, பம் பண்ணாமல், சுற்றுங்கள். மேலதிக பெற்றோல் வெளியேறும். பல புதிய கார்களிலும் இந்த உபாயம் பலிக்கும்.

வரவில்லையென்றால் ராங்கியிலிருந்து தொடங்குங்கள். மீற்றர் முள்ளை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். மொறிஸ் மைனரில் உள்ள மின்சாரப் பெற்றோல் பம், திறப்பைப் போட்டதும் சற்று நேரம் டக் டக் என்று அடித்து நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்மோ அதற்கு வரும் வயரோ பிழை. விடாமல் அடித்தால் ராங்கி வெறுமை, அல்லது குழாயில் காற்று இழுக்கிறது. புதிய கார்களில் பின்சீற்றுப் பக்கமிருந்து இரண்டு விநாடி அளவுக்கு மெல்லிய இரைச்சல் கேட்கும். கேட்காவிட்டால் முதலில் பியூசைப் பாருங்கள். அந்தக் கார்களில் டாஷ்போர்டில் திறப்பு அல்லது பூட்டு அடையாள விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால், திறப்புக்குள் இருக்கும் சிறு சிப்பை வாகனம் அடையாளங் காணவில்லை என்று பொருள். மற்றத் திறப்பால் முயன்று பாருங்கள்.

பொறியும் உண்டு, பெற்றோலும் உண்டு, ஆனாலும் பற்றவில்லையா? ரைமிங் பிசகியிருக்கலாம். பிளக் வயர்களைக் கழற்றிப் பூட்டியவர் இடம் மாற்றியும் இருக்கலாம். மொறிஸ், ஒஸ்ரின் நாலு சிலிண்டர் எஞ்சின்களின் எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2. இதுவும் சரியென்றால், மண்ணெண்ணெய்க் காலத்தைக் கண்ட எஞ்சின்களுக்கே உரிய நோய் ஒன்று மிஞ்சுகிறது: அமுக்கம் போதாமை. ஒவ்வொரு பிளக் துவாரத்திலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, பிளக்குகளை மாட்டாமல் சில சுற்றுச் சுற்றி, பின் பிளக்கைப் பூட்டி முயன்று பாருங்கள். புகையோடு ஸ்ராட் எடுத்தால் றிங் தேய்ந்திருக்கிறது. ஒயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததால்தான் பற்றியது. இதற்குப் பிளக்கும் கொயிலும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

கராஜுக்குப் போகும்போது பொறி உண்டா இல்லையா, பெற்றோல் உண்டா இல்லையா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். "தம்பி, மாத்திற பழைய சாமானைக் கையிலை தாங்கோ" என்று முதலே சொல்லி வையுங்கள். நல்ல மெக்கானிக் அதைத் தவறாக எடுக்கமாட்டார். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்கப் போவோரும் பழைய சாமானைக் கொண்டுபோய் ஒப்பிட்டே வாங்க வேண்டும். அங்கே டிஸ்ரிபியூட்டர் மூடியைப் பாவித்ததாக வாங்கலாம், வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கொண்டென்சரை மட்டும் புதிதாக வாங்குங்கள். அது நல்லதா கெட்டதா என்று பார்வையால் சொல்ல முடியாது.