காசு கொடுத்தால் படம் விழுமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

புகைப்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, “என்ன கேமரா வாங்கலாம்?” என்பதுதான். “என்ன எடுக்கப் போறீங்க?” என்று திருப்பிக் கேட்டால் பலரிடம் சட்டென்று பதில் வராது. “எல்லாந்தான்” என்பார்கள். கடைக்காரருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமென்றால் இருப்பதிலேயே விலை கூடியதைத்தானே காட்ட முடியும்?

கேமராவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது? பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சமாளிக்க: இருட்டு, தூரம், வேகம். வெளிச்சம் போதாத இடத்தில், எட்டாத தொலைவில், நிற்காமல் ஓடுகிற ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் கருவி பேசும். இந்த மூன்றும் குறுக்கே வராத இடத்தில், பழைய கேமராவில் எடுத்த படத்தையும் பல லட்சம் ரூபாய்க் கேமராவில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதில் எடுத்தது என்று சொல்வது கஷ்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு, நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளைப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: விலை உயர்ந்த கேமரா இல்லாமல் பெரிய படம் எடுக்க முடியாது.

உண்மை: 1953 மே மாதம், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ரெடிங் ஊருக்கு அருகே, பிட் ரிவர் பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு ஒரு லாரி வெளியே பாய்ந்தது. பின்பகுதி பாலத்திலேயே மாட்டிக்கொள்ள, ஓட்டுநர் இருக்கும் முன்பகுதி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. உள்ளே இரண்டு பேர். பின்னால் காரில் வந்த வர்ஜீனியா ஷாவின் கணவரும் மற்றவர்களும் கயிறு விட்டு அவர்களைத் தூக்க முனைந்தார்கள். வர்ஜீனியா கேமராவை எடுத்துக்கொண்டு, தொங்கும் லாரியும் கயிறும் மனிதர்களும் ஒன்றாகத் தெரியும்படியான ஒரு மேட்டுக்கு ஓடினார்.

அவர் கையில் இருந்தது கோடாக் பிரவுனி. 1900-இல் வெளிவந்தபோது ஒரு டாலருக்கு விற்ற பெட்டிக் கேமராவின் வாரிசு. அதில் திருப்புவதற்கோ கணக்குப் பார்ப்பதற்கோ அநேகமாக ஒன்றும் கிடையாது. அந்தப் படத்துக்கு 1954-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. புகைப்படத்துக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். தொழில்முறைப் புகைப்படக்காரர் அல்லர்.

இந்தக் கதையை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சம்பவம் நடந்தது பட்டப்பகலில். லாரி ஓடவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. போதுமான கிட்டத்தில் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. அதாவது, இருட்டு, தூரம், வேகம் மூன்றுமே இல்லை. பிரவுனியால் செய்ய முடியாத எதையும் அந்தக் காட்சி கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: எங்கே போய் நிற்க வேண்டும் என்கிற முடிவு. அதை வர்ஜீனியா சரியாக எடுத்தார். இதே விபத்து நள்ளிரவில் நடந்திருந்தால், அவர் எந்த மேட்டில் நின்றிருந்தாலும் பிரவுனியில் ஒன்றும் விழுந்திருக்காது.

நம்பிக்கை 2: மெகாபிக்சல் கூடக் கூடப் படம் தெளிவாக இருக்கும்.

உண்மை: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது அச்சகங்களில் சொல்லும் அளவு. 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு 1,200 × 1,800 புள்ளிகள் வேண்டும். இது 2.2 மெகாபிக்சல்கூட இல்லை. சுவரில் மாட்டும் 8-க்கு 12 படத்துக்கு 9 மெகாபிக்சல் தாராளம். கல்யாண ஆல்பத்தில் 12-க்கு 36 தாளை விரித்தால் ஒரு பக்கம் 12-க்கு 18 வரும். அந்தப் பக்கம் முழுக்க ஒரே படத்தைப் போட்டாலும் 20 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடும். வீட்டிலிருக்கும் 4கே டிவியின் திரையே சுமார் 8.3 மெகாபிக்சல்தான். தெருமுனை ஃபிளெக்ஸ் பேனரை எல்லோரும் எட்ட நின்றுதான் பார்க்கிறார்கள் என்பதால், அதற்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவையே இல்லை. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினாலோ, நீங்கள் எத்தனை மெகாபிக்சலில் எடுத்திருந்தாலும் அது சுருக்கித்தான் அனுப்பும்.

இன்னொன்று. 24 மெகாபிக்சலிலிருந்து 48-க்குப் போனால் விவரம் இரண்டு மடங்காகிவிடும் என்று நினைப்போம். நீளத்திலும் அகலத்திலும் சுமார் 40 சதவீதம்தான் கூடும். இரண்டு மடங்கு வேண்டுமென்றால் 96 மெகாபிக்சலுக்குப் போக வேண்டும். தூரத்துப் பறவையை எடுத்து, படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறவர்களுக்கு இந்த எண் நிஜமாகவே உதவும். மற்றவர்களுக்கு ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்பும்.

நம்பிக்கை 3: மண்டபத்தில் எடுத்த படம் கலங்கி வருகிறதா? கேமராவை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உண்மை: முதலில் லென்ஸைப் பாருங்கள். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் 18-55 கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால், வெளிச்சம் நுழையும் அதன் துளை, அதாவது அபர்ச்சர், 5.6-க்கு மேல் திறக்காது. இந்த எண் குறையக் குறையத் துளை பெரிது. 50 எம்எம் 1.8 பிரைம் லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோமப் புகை, குனிந்த தலைகள், சுற்றிலும் நெருக்கியடிக்கும் சொந்தக்காரர்கள். கிட் லென்ஸில் ஷட்டர் நொடியில் 20-இல் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடிச்சுப் போடும் விரல்கள் அந்த நேரத்துக்குள் நகர்ந்துவிடும். படத்தில் விரல் இருக்கும் இடத்தில் ஒரு தீற்றல்தான் இருக்கும். அதே கேமராவில், அதே ஐஎஸ்ஓவில் 1.8 லென்ஸை மாட்டினால் ஷட்டர் நொடியில் 200-இல் ஒரு பங்குக்குப் போகும். விரல் நிற்கும், மஞ்சள் கயிறு தெரியும். ஃபோகஸை மட்டும் கவனமாக வைக்க வேண்டும். அந்த அளவுக்குத் திறந்தால் தெளிவாக இருக்கும் ஆழம் குறுகிவிடும். கேமரா பாடியை மாற்ற ஆகும் செலவில் இந்த லென்ஸுக்கு ஒரு சிறு பகுதிதான் ஆகும்.

லென்ஸுக்கும் முன்னால் வெளிச்சம் இருக்கிறது. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்தில், காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார்கள். திறந்த வானத்திலிருந்து முற்றத்துக்குள் இறங்கும் மெத்தென்ற வெளிச்சம் நேரடி விளக்குகளால் வராது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார். பார்த்தவர்கள் நிஜ முற்றம் என்றே நம்பினார்கள். இதற்கு முந்தைய ‘பதேர் பாஞ்சாலி’யில் வேலை தொடங்கியபோது மித்ராவுக்கு வயது 21. அதுவரை அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை.

வீட்டில் இதைச் செய்து பார்க்க ஒரு தெர்மாகோல் அட்டை போதும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை உட்கார வையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு நிற வெளிச்சம் முகத்தில் கலந்து அடிக்கும். நிழல் விழும் கன்னத்தின் பக்கம் தெர்மாகோலைப் பிடிக்கச் சொல்லுங்கள். அட்டையைக் கிட்டே கொண்டுவரும்போதும் விலக்கும்போதும் முகம் மாறுவதைக் கேமரா இல்லாமலே பார்க்கலாம்.

நம்பிக்கை 4: போன் கேமரா விளையாட்டுச் சாமான்.

உண்மை: 2012-இல் சாண்டி புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கியபோது, புகைப்படக்காரர் பென் லோவி ஐபோனில் எடுத்த அலையின் படத்தை ‘டைம்’ இதழ் அட்டையில் போட்டது. அன்றைய போன்களைவிட இன்று நம் பாக்கெட்டில் இருப்பவை எவ்வளவோ மேல்.

ஆனால், எல்லை இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். விலை கூடிய போனின் முக்கிய சென்சாரைவிடப் பரப்பில் பல மடங்கு பெரியது. வெளிச்சம் குறையும்போது இந்த வித்தியாசம் தெரியும். பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் போன் ஈடுகட்டப் பார்க்கும். ஆள் அசையாத வரைக்கும் அது பலிக்கும். போர்ட்ரெய்ட் மோடில் பின்புலம் மங்கலாவது பெரும்பாலும் மென்பொருள் போடும் கணக்கு. தலையில் மல்லிகைச் சரம் வைத்த பெண்ணை அந்த மோடில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்துப் பூக்கள் பாதி மங்கி, பாதி தெளிந்து, காதோரக் கற்றை முடி காணாமல் போயிருக்கும். போனிலேயே பார்த்தால் தெரியாது. சுவரில் மாட்டினால் தெரியும்.

நம்பிக்கை 5: மேதைகள் எல்லாம் உயர்ந்த கருவிதான் வைத்திருந்தார்கள்.

உண்மை: பலர் வைத்திருந்தார்கள், மறுக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் வைத்திருந்த லைக்கா கேமரா எந்தக் காலத்திலும் மலிவாக இருந்ததில்லை. ஆனால், அவருக்கு அது பிடித்ததற்குக் காரணம் சிறியது, சத்தம் போடாதது என்பது. பெரும்பாலும் ஒரே 50 எம்எம் லென்ஸ். பளபளக்கும் பாகங்கள் யார் கண்ணிலும் படக்கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொண்டார். விலை கூடிய கேமராவை நாம் வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்வோம். அவர் ஒளித்துவைத்தார்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் வைத்திருந்ததும் பெரிய கேமராதான். 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடுவது. 1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் காரில் போய்க்கொண்டிருந்தவர், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில் விழுவதையும், மேலே நிலா ஏறியிருப்பதையும் பார்த்தார். கேமராவை அவசரமாக நிறுத்தினால் வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் காணவில்லை. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்காக எக்ஸ்போஷர் போட்டு அழுத்தினார். இன்னொன்று எடுக்கலாம் என்று ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ என்று உலகம் அறிந்த படத்துக்கு இருப்பது அந்த ஒரே நெகட்டிவ்தான். அதைத் திருப்தியாகப் பிரிண்ட் போட அவர் பல வருடங்கள் டார்க் ரூமில் மெனக்கெட்டார். அந்தக் கேமராவை விலை கொடுத்து யாரும் வாங்கியிருக்கலாம். அந்த 250-ஐ அவர்தான் படித்துவைத்திருந்தார்.

நம்பிக்கை 6: கேமரா முக்கியமே இல்லை, கண் இருந்தால் போதும்.

உண்மை: இதுவும் கட்டுக்கதைதான். சொல்லவும் கேட்கவும் அழகாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, தண்ணீருக்கு நடுவே மரத்தில் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் மூக்கு நாரையைப் போனில் எடுத்துப் பாருங்கள். மரம் விழும், மேலே வெள்ளைப் புள்ளிகள் விழும். நாரை குஞ்சுக்கு மீன் ஊட்டுவதை எடுக்க 400, 500 எம்எம் லென்ஸ் வேண்டும். வாடிவாசலிலிருந்து காளை பாயும்போது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டரும், விடாமல் பின்தொடரும் ஆட்டோஃபோகஸும் வேண்டும். கண் எவ்வளவு கூர்மையானாலும் அது லென்ஸின் நீளத்தைக் கூட்டாது.

தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. உயர்ந்த கேமராக்களில் இரண்டு கார்டு போட இடமிருக்கும். ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகும்படி வைத்துக்கொள்ளலாம். முகூர்த்தம் முடிந்தபின் ஒரு கார்டு படுத்துவிட்டால், மாப்பிள்ளையை மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது. கல்யாணப் புகைப்படக்காரர் கூடுதல் விலை கொடுப்பதில் ஒரு பங்கு, மானம் போகாமலிருக்கக் கட்டும் இன்ஷூரன்ஸ். கோயில் திருவிழாவை வீட்டு ஆல்பத்துக்காக எடுப்பவருக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன்

கையிலிருக்கும் கேமராவிலோ போனிலோ எடுத்து, சரியாக வரவில்லை என்று ஒதுக்கிய படங்களைத் திறந்து இரண்டாகப் பிரியுங்கள். கலங்கியவை, இருட்டில் புள்ளியடித்தவை, எட்டாமல் போனவை ஒரு பக்கம். தலைக்குப் பின்னால் கரண்ட் கம்பம் முளைத்தவை, ஒரு கணம் பிந்தியவை, உச்சிவெயிலில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தவை, ஏன் எடுத்தோம் என்றே புரியாதவை மறுபக்கம்.

முதல் பக்கம் கனத்தால் உங்கள் கருவி நிஜமாகவே போதவில்லை. அப்போதும் லென்ஸை முதலில் பாருங்கள். பாடி இரண்டு மூன்று வருடத்தில் பழசாகி விலை விழும், நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் வரும். வாங்க நினைப்பதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, அதே இடத்தில் அதே மாதிரிப் படத்தை எடுத்துப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் பாடி என்றால் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

இரண்டாம் பக்கம் கனத்தால் பணத்தை அப்படியே வைத்திருங்கள். எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்பது கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். அதற்கு இருக்கிற கேமராவே தாராளம்.