தென்னைக்கும் கட்டிங் போடலாமா?

நம்ம தவறணையில் நல்ல தேயிலைச் செடியின் ஒரு இலை, ஒரு கணுவை வெட்டி ஊன்றினால் தாயைப் போலவே பிள்ளை வரும். தென்னைக்கு அது நடக்காது. கிளை இல்லை, குருத்தும் ஒன்றுதான். காயிலிருந்து முளைப்பது தாயைப் போலவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

2006இல் வெலிகமவில் கண்ட இலை வாடல் நோய்க்கு மருந்து இல்லை. பிடித்த மரத்தை வெட்டத்தான் வேணும். அந்த நோயைத் தாங்கி நிற்கும் மரத்தை அப்படியே பெருக்குவது எப்படி?

புத்தளம் மாவட்டத்து லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தார், பிரெஞ்சு ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, 2007இல் ஒரு வழியை வெளியிட்டார்கள். விரியாத பாளைக்குள் இருக்கும் பெண்பூவின் சூலகத்தை எடுத்து, கிருமி அண்டாத கண்ணாடிக் குழாயில் ஊட்டம் கொடுத்துக் கன்று எழுப்புவது. இதைத்தான் இழைய வளர்ப்பு என்கிறோம். கட்டிங் மாதிரி லேசான வேலை இல்லை. பலதும் குழாயிலேயே கறுத்துப்போகும். தப்பி மண்ணுக்கு வரும் கன்றுக்கு ஈரமும் நிழலும் பார்த்துக் கொடுக்கணும். அதை மட்டும் தவறணைக்காரருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.