வெப் சர்வருக்கும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர்

ஏலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சொந்தமாக இணையத்தளம் நடத்த விரும்பும் நம் இளைஞர்களுக்காக இந்தப் பாடம்.

தட்கல் முன்பதிவு காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புகளுக்குத் திறக்கும்போது எத்தனை பேர் ஒரே நொடியில் மோதுகிறார்கள் என்பது பொங்கலுக்கு ஊர் போகும் நமக்குத் தெரியும். நம் சிறிய தளத்துக்கும் தேர்வு முடிவு நாளில் அப்படி ஒரு நேரம் வரலாம். அப்போது சர்வர் தாங்குமா, சாயுமா என்பது பெரும்பாலும் அதன் தலைமைச் செயல்முறையை எப்படி அமைத்தோம் என்பதைப் பொறுத்தது.

1995-இல் வெளிவந்த அப்பாச்சியை எடுத்துக்கொள்வோம். அதன் மையப்பகுதி சிறியது. மற்ற வசதிகளை மாட்யூல்களாகச் சேர்க்கலாம். தலைமைச் செயல்முறை ரூட் அதிகாரத்தோடு தொடங்கி, 80-ஆம் எண் போர்ட்டைத் திறக்கும். பிறகு, அதிகாரம் குறைந்த பயனர் பெயரில் துணைச் செயல்முறைகளை உருவாக்கும். பக்கங்களைத் தருவது அவைதான். ஸ்டேஷன் மாஸ்டர் வண்டி ஓட்டுவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

துணைச் செயல்முறைகளை நிர்வகிக்கும் முறையையும் ஒரு மாட்யூலே தீர்மானிக்கிறது. பிரிஃபோர்க், வொர்க்கர், ஈவென்ட் என்ற மூன்றில் ஒன்றை மட்டுமே ஏற்றலாம். பிரிஃபோர்க்கில் ஒரு துணைச் செயல்முறை ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் கவனிக்கும். மற்ற இரண்டிலும் ஒவ்வொன்றுக்குள்ளும் பல இழைகள் இயங்கும்.

மிக முக்கியமான அமைப்பு 'மேக்ஸ் ரிக்வெஸ்ட் வொர்க்கர்ஸ்'. ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சேவை என்ற உச்சவரம்பு இது. பிரிஃபோர்க்கில் நாம் ஒன்றும் எழுதாவிட்டால் 256. கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்வரில் 4 ஜி.பி. நினைவகம் இருக்கிறது. இயங்குதளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் 1 ஜி.பி. ஒதுக்கினால் மிச்சம் சுமார் 3,000 எம்.பி. பி.எச்.பி. ஏற்றிய துணைச் செயல்முறை ஒன்றுக்கு 30 எம்.பி. என்றால் 100 பேர்தான் கணக்கு. 256-ஐ அப்படியே விட்டால் 7,680 எம்.பி. தேவைப்படும். நினைவகம் போதாமல் வட்டை நாடி, எல்லாருக்கும் சேர்த்து சர்வர் நின்றுவிடும்.

100 என்று வைத்தால் 101-ஆவது ஆள் வரிசையில் காத்திருப்பார். ரயில்வேயில் பிளாக் முறையும் இதுவே. முன்னுள்ள பகுதி காலியாகாதவரை வண்டி சிக்னலில் நிற்கும். தாமதத்தைப் பொறுக்கலாம், மோதலைப் பொறுக்க முடியாது.

'மேக்ஸ் கனெக்ஷன்ஸ் பெர் சைல்ட்' தானாக 0-இல் இருக்கும். அதாவது துணைச் செயல்முறைக்கு ஓய்வே இல்லை. ஏதேனும் மாட்யூல் நினைவகத்தைக் கசியவிட்டால், சில ஆயிரம் என்று எண் கொடுங்கள். அத்தனை இணைப்புகளைக் கவனித்தபின் அது விலகும். தேவைப்பட்டால் தலைமை புதியதை அமர்த்தும்.

அமைப்பைத் திருத்தியதும் முதலில் 'கான்ஃபிக் டெஸ்ட்' கட்டளையால் சோதியுங்கள். பிழையுள்ள கோப்போடு மறுதொடக்கச் சிக்னலை நேரடியாக அனுப்பினால் தலைமைச் செயல்முறையே வெளியேறிவிடும், தளமும் போய்விடும். சோதனை சரியானால் 'கிரேஸ்ஃபுல்' முறையில் மறுதொடக்கம் செய்யுங்கள். கையிலுள்ள வேலையை முடித்துக்கொண்டு பழையவை விலகும். புதியவை புதிய அமைப்போடு வரும்.

பின்னர் பிழைப் பதிவேட்டைப் பாருங்கள். உச்சவரம்பை எட்டியதாகச் செய்தி இருந்தால், உடனே எண்ணைக் கூட்டிவிடாதீர்கள். முதலில் நினைவகத்தை அளந்து பாருங்கள். இடமிருந்தால் கூட்டுங்கள், இல்லையென்றால் நினைவகத்தை வாங்கிப் போட்ட பிறகு கூட்டுங்கள்.