தோட்டக் கிளினிக்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: படர்தாமரை பற்றி

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வாசலில் அதிகமாக வந்து நிற்கப் போவது அரிப்புதான். கித்தாத் தோட்டங்கள் செம்பனையான பிறகும் அது போகவில்லை. ரப்பர் பூட்ஸும் நனைந்த காற்சட்டையுமாக நாள் முழுக்கக் குலை வெட்டுகிறவருக்கு அரையிடுக்கும் கால்விரல் இடுக்கும் காய்வதே இல்லை.

1. முதலில் ஓரத்தைப் பாருங்கள். படர்தாமரை நடுவில் ஆறிக்கொண்டே ஓரத்தில் தடித்து, செதில்விட்டுப் பரவும். கையில் இருப்பதை மட்டும் காட்டுவார்கள். அரையில் இருப்பதைச் சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். பெண்களென்றால் இன்னொரு பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு இடுப்பையும் மார்பின் அடியையும் பாருங்கள்.

2. பஞ்சால் தொட்டுப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, வெளிறிய அல்லது சிவந்த திட்டின்மேல் பஞ்சுத் திரியால் தொடுங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் அது படர்தாமரை அல்ல, தொழுநோயாக இருக்கலாம். 1930-ல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் நம் சனங்களும் வாழ்ந்தார்கள். இன்று அது மாத்திரையால் குணமாகும் நோய். ஆனால் தாமதித்தால் நரம்பு போய்விடும், போன நரம்பு திரும்பாது. அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

3. சந்தேகம் இருந்தால், களிம்பு பூசும் முன் ஓரத்துச் செதிலைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். ஒருமுறை தெரியவில்லை என்பதற்காக நோயே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

4. ஸ்டெராய்டு களிம்பைப் படர்தாமரையில் படவிடாதீர்கள். நான் சொல்வதில் இதுதான் முக்கியம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். ஆள் மகிழ்ந்து போவார். அடியில் பூஞ்சை தடையின்றிப் பரவும். ஓரம் அழிந்துவிடுவதால் பிறகு பார்க்கும் மருத்துவருக்கே அடையாளம் தெரியாது. அரையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாக விழும் தழும்பு மறைவதில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டு வருவதும் பசார் மாலத்தில் விற்பதும் பெரும்பாலும் ஸ்டெராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த களிம்பு. என்ன பூசினீர்கள் என்று கேட்டால் மறந்துவிட்டது என்பார்கள். குழாயையே எடுத்துவரச் சொல்லுங்கள். ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்தியாவில் இந்தக் கலவைக் களிம்புகள் பெருகிய அதே காலத்தில், டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத படர்தாமரையும் பரவியது. அந்தப் பூஞ்சைக்கு 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ட்ரைக்கோபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். இந்தியா, நேபாளம், பங்களாதேஷிலிருந்து தொழிலாளர்கள் வரும் நம் தோட்டங்களில் அதை நினைவில் வையுங்கள். மருந்தை ஒழுங்காக எடுத்தும் ஆறவில்லை என்றால், ஆளைத் திட்டாமல் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

5. சிறு திட்டுகளுக்குக் குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் போதும். திட்டையும் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தையும் சேர்த்து, காலையும் மாலையும், துடைத்துக் காயவைத்த தோலில் பூச வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தடம் மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். பாதிப்பேர் தவறுவது இங்கேதான். பாட்டிமார் அரைத்துப் பூசும் சீமை அகத்தி இலையைப் பழிக்காதீர்கள், அதில் பூஞ்சைக்கு எதிரான சத்து உண்டு. ஆனால் உடம்பெல்லாம் படர்ந்ததை அது தீர்க்காது.

6. தலையிலும் நகத்திலும் களிம்பு பலிக்காது. பிள்ளையின் தலையில் முடி உடைந்து சொட்டையானால், மருத்துவர் எழுதும் கிரிசியோஃபல்வின் போன்ற மாத்திரையை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். கிரிசியோஃபல்வினைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. லயத்தில் பூனைக்குட்டி வளர்க்கிறார்களா என்றும் கேளுங்கள், அதனிடமிருந்தும் இது தொற்றும்.

7. தேமல் வேறு பூஞ்சையால் வருவது. மருந்தில் பூஞ்சை போன பிறகும் வெளிறிய நிறம் சில மாதம் நிற்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

8. திரும்பத் திரும்ப வருகிறவருக்கு இரத்தச் சர்க்கரை பாருங்கள். நம்மவர்களிடம் நீரிழிவு மிகுதி.

9. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரே அறையில் படுப்பவர்களையும், துண்டும் கைலியும் மாற்றிக் கட்டும் வீட்டாரையும் அழைத்துப் பார்த்து, அரிப்புள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்குங்கள். துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் விடுதிகளில் துணி காய இடமே இருக்காது. துணி உலர்த்தக் கூரைபோட்ட இடமும், ஆளுக்கு இரண்டாவது ஜோடி பூட்ஸும் வேண்டுமென்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தொழிலாளி கேட்கத் தயங்குவார், நீங்கள் கேட்கலாம்.