கையெழுத்துக்கு முன்னால்

மும்பையில் சுனாபட்டி என்று ஓர் இடம் இருக்கிறது. ஹார்பர் ரயில் பாதையில் குர்லாவுக்கு அடுத்த நிலையம். சுனா என்றால் சுண்ணாம்பு. பட்டி என்றால் சூளை. சுண்ணாம்புச் சூளை என்பதே ஊரின் பெயர். ஒரு பக்கம் செம்பூர். சயான் பக்கம் போனால் தாராவி, மாட்டுங்கா. இந்தப் பகுதிகளில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். பலருக்குத் திருநெல்வேலிச் சீமைதான் சொந்த ஊர்.

சுனாபட்டியில் ஒரு வீடு. ஒரே அறை. ஆச்சி, மகன், மருமகள், பேத்தி, பேரன் என்று ஐந்து பேர். இந்தக் குடும்பத்துக்கு நாம் பெயர் வைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மாலை மருமகளுக்குத் தபால் வந்தது. ஊரிலிருந்து அவளுடைய மூத்த அண்ணன் அனுப்பியிருந்தார். மருமகள் எழுத்தறிவு வகுப்பில் படித்தவள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

"தங்கச்சிக்கு, அப்பாவின் நிலத்தை நானும் உன் சின்ன அண்ணனும் பிரித்துக்கொள்ளப் போகிறோம். பத்திர நகல் இத்துடன் இருக்கிறது. மே மாதம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ. போக வர செலவு நான் தருகிறேன்."

பத்திரத்தின் தலைப்பு "விடுதலைப் பத்திரம்". யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? மருமகளுக்குப் புரியவில்லை. பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். அவள் வாங்கிப் படித்தாள்.

"அம்மா, தாத்தா நிலத்திலே உனக்கு உள்ள பங்கை வேண்டாம்னு விட்டுக்கொடுக்கிறதா எழுதியிருக்கு."

"எனக்கு ஏது பங்கு?" என்றாள் மருமகள்.

அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சீக்கிரம் தூங்கவில்லை.

மூன்று பேர், மூன்று எண்ணம்

ஆச்சிக்கு வயது 75. கல்யாணம் ஆனபோது 15 வயது. புருஷனோடு ரயில் ஏறி மும்பைக்கு வந்தாள். அவர் பஞ்சாலையில் வேலை பார்த்தார். 1982 ஜனவரியில் மும்பைப் பஞ்சாலைகளில் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதில் இறங்கினார்கள். பல பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. ஆச்சியின் புருஷனுக்கும் கிடைக்கவில்லை. அப்போது ஆச்சி மாவு ஆட்டினாள். இட்லி அவித்து விற்றாள். அந்த இட்லியில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

ஆச்சி சொன்னாள்: "ஏளா, பேசாம கையெழுத்துப் போட்டுரு. பொம்பளைக்குத் தாய் வீடு வேணும். நாளைக்கு ஒரு கஷ்டம்னா எங்க போய் நிப்ப? பங்கு கேட்டா வாசல் அடைஞ்சிரும். பொங்கலுக்கு வர்ற சீர் போதும்."

மருமகளுக்கு வயது 50. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். அவள் சொன்னாள்: "அத்தை, அண்ணன்தான் எனக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாங்க. அப்பாவும் அம்மாவும் படுக்கையிலே கிடந்தப்போ மதினிதான் பார்த்தாங்க. நான் இங்கே இருந்தேன். எந்த வாயாலே பங்கு கேட்பேன்? ஆனா, என்னை ஒரு வார்த்தை கேட்காம பத்திரம் எழுதிட்டாங்களே. அதுதான் மனசுக்கு ஆறலை."

பேத்திக்கு வயது 20. அவள் சொன்னாள்: "அம்மா, பாசம் வேற, பங்கு வேற. மாமா உன்கிட்ட பாசமா இருக்கட்டும். உன் பங்கையும் கொடுக்கட்டும்."

மகன் டெம்போ ஓட்டுகிறார். அதுவரை பேசாமல் இருந்தவர் சொன்னார்: "பணம் வந்தா டெம்போ கடனை அடைச்சிரலாம்."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "பங்கு வந்தா என்ன செய்யணும்னு நான் யோசிக்கிறேன். முதல்லே, பங்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கிறேன்" என்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ஆம் ஆண்டு வந்தது. அப்பா தன் உழைப்பில் வாங்கிய சொத்து இருக்கிறது. உயில் எழுதாமல் அவர் இறந்துவிட்டார். அந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு.

பூர்வீகச் சொத்து வேறு. அதில் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை இருந்தது. மகளுக்கு அந்த உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு இது மாறியது. ஆனால், அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அந்தச் சட்டம் உரிமை தரவில்லை. மகாராஷ்டிராவில் 1994ஆம் ஆண்டு மாறியது. 2005ஆம் ஆண்டு மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியது. திருமணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாடு போயிற்று. மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்று ஆயிற்று. 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் சட்டத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு. அது பொதுவாக மகனின் பங்கில் பாதி.

விடுதலைப் பத்திரம் என்பது, பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வார்கள். விரும்பி விட்டுக்கொடுப்பது தவறு அல்ல. அது அவரவர் விருப்பம். ஆனால், பதிவு செய்த பிறகு பங்கைத் திரும்பக் கேட்பது மிகவும் கடினம்.

காலம் மாறிய கணக்கு

ஆச்சிக்கு 15 வயதில் கல்யாணம். இன்றைய சட்டம் அதற்கு இடம் தராது. 1978 முதல் பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். ஆனாலும், சட்டம் வந்த உடனே வழக்கம் மாறிவிடவில்லை. 2005-06இல் நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தார்கள். 20 முதல் 24 வயது வரை உள்ள பெண்களில், 100 பேரில் 47 பேர் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள். 2019-21இல் அது 23 ஆகக் குறைந்தது.

பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. 1992-93இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.4 குழந்தைகள். 2019-21இல் 2 குழந்தைகள். முன்பு முதுமையில் பார்த்துக்கொள்ள நாலைந்து பிள்ளைகள் இருந்தார்கள். இன்று ஒருவரோ இருவரோதான். அவர்களில் மகளும் ஒருத்தி. பொறுப்பு மகளுக்கும் வருகிறது. 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் இதைச் சொல்கிறது. பெற்றோரைக் காப்பாற்றும் கடமை மகனுக்கும் உண்டு, மகளுக்கும் உண்டு.

பொறுப்பு இருவருக்கும் என்றால், உரிமை மட்டும் ஒருவருக்கா?

ஆச்சி சொன்னது

மறுநாள் காலை. மருமகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஆச்சி மெதுவாகப் பேசினாள்.

"நானும் ஒரு காலத்திலே கைநாட்டு வச்சேன். அண்ணன் வந்தான். காகிதத்தை நீட்டினான். பெருவிரலை மையிலே அமுக்கி வச்சேன். அதிலே என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அண்ணன் இருந்த வரைக்கும் வருஷா வருஷம் சீர் வந்துச்சு. அவன் போனான். அதோட சீரும் போச்சு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "பங்கு கேளுன்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா நீ படிக்கத் தெரிஞ்சவ. என்னை மாதிரி தெரியாம போடாத. தெரிஞ்சு போடு. இல்லேன்னா தெரிஞ்சு வேண்டாம்னு சொல்லு."

மருமகள் எழுதிய கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலமா?

பத்திர நகல் கிடைத்தது. நானே படித்தேன். அதில் இப்போது கையெழுத்துப் போடவில்லை. அப்பா நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்துகொண்டேன். அப்பா அம்மாவை மதினி பார்த்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. அதையும் கணக்கில் வைத்துப் பேசுவோம். மே மாதம் ஊருக்கு வருகிறேன். மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். எனக்குத் தாய் வீடும் வேண்டும். என்னைக் கேட்டு முடிவு செய்வதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி

கடிதத்தைப் பேத்தியிடம் காட்டினாள். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. பேத்தி திருத்தினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, இந்த வீடு இருக்கே. நாளைக்கு இதிலே தம்பிக்கும் எனக்கும் சமமா?"

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி பேரனைப் பார்த்தாள். யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

அண்ணனிடம் கேட்பது எளிது. நம் வீட்டில் கொடுப்பதுதான் கடினம். நீங்கள் அந்த வீட்டில் இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

தெரிந்துகொள்ளுங்கள்

• படிக்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். புரியவில்லை என்றால் அவகாசம் கேளுங்கள்.
• பத்திரத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.
• பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் கிடைக்கும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தொலைபேசி எண் 15100.

கூடிப் பேசுங்கள்

1. ஆச்சி தாய் வீட்டை நினைத்துப் பயப்பட்டாள். அந்தப் பயம் நியாயமானதா?
2. பெற்றோரைப் பார்த்துக்கொண்டவருக்குக் கூடுதல் பங்கு தரலாமா? அதை யார் முடிவு செய்ய வேண்டும்?
3. உங்கள் வீட்டில் பெரியவர்களும் இளையவர்களும் எந்த விஷயத்தில் மாறுபடுகிறார்கள்?

எழுதுங்கள்

உங்கள் உறவினர் ஒருவருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். நேரில் சொல்லத் தயங்கிய ஒன்றை அதில் சொல்லுங்கள்.