எல்லாமே பிடிக்குதே, நான் என்ன ஆவது?



"நீ படிச்சு என்ன ஆகப்போற?" என்று யாராவது கேட்டால் நான் முழிப்பேன். எனக்கு அறிவியல் பிடிக்கும். படம் வரையப் பிடிக்கும். பேச்சுப் போட்டி என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன். எங்க வயல் கணக்கை அப்பாவுக்கு எழுதிக் கொடுப்பதும் நான்தான். இதைச் சொன்னால் எங்க அப்பத்தா, "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்டி" என்று சொல்லிவிடும். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. அதற்கப்புறம் ஒரு குரூப்தான் எடுக்க முடியும். அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் படித்தேன். அவர் நம்ம புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டர் ஆனார். அதோடு நிற்கவில்லை. 1927-ல் சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார்; 1947-ல் அதற்குச் சட்டம் வந்தது. ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லம் தொடங்கினார். பத்திரிகையும் நடத்தினார். தங்கை புற்றுநோயால் இறந்த துக்கத்தை மறக்காமல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உண்டாக்கினார். அது 1954-ல் தொடங்கியபோது அவர் வயது எழுபதை நெருங்கிவிட்டது.

டாக்டர், சட்டசபை, பத்திரிகை, இல்லம் என்று எத்தனை வேலை! ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவில்லை. முதலில் மருத்துவத்தை ஒழுங்காகப் படித்து முடித்தார். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பெண்கள், குழந்தைகள் படும் கஷ்டத்தைத் தீர்ப்பது என்ற ஒரே எண்ணம்தான் எல்லாவற்றையும் மாலைபோல் கோத்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டவை:

1. பல ஆசை இருப்பது தப்பில்லை. எதையும் முடிக்காமல் பாதியில் விடுவதுதான் தப்பு.

2. ஒன்றை வேராக வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவை கிளைகள்.

3. "எனக்கு எது பிடிக்கும்?" என்பதோடு "இது யாருக்கு உதவும்?" என்றும் கேட்க வேண்டும்.

அப்பத்தாவுக்கும் ஒரு பதில் கிடைத்தது. நம்ம ஊர் ஆத்மநாதர் கோயில் கொடுங்கையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மரச்சட்டம், ஆணி எல்லாவற்றையும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். மரவேலையைக் கவனித்துப் பார்க்காத சிற்பியால் அப்படிச் செதுக்க முடியுமா? அந்தச் சிற்பிக்குக் கல்தான் வேர். ஆனால் மரமும் தெரிந்திருக்கிறது. இதைச் சொன்னதும் அப்பத்தா சிரித்துவிட்டு, "சரி, ஒழுங்காப் படிச்சு ஒண்ணையாவது முடிச்சுக் காட்டு" என்றது.

நான் சயின்ஸ் குரூப் எடுக்கலாம் என்று இருக்கிறேன். படம் வரைவதையும் விடமாட்டேன். தாவரவியலில் படம் போடாமல் மார்க் ஏது?

தோழிகளே, உங்களுக்கும் பல ஆசைகள் இருந்தால் கவலைப்படாதீர்கள். இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். வேர் எது, கிளை எது என்று பிரித்துப் பாருங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி