‘எங்கள் காலத்தில்…’ – எந்தக் கருவியால் அளந்தது?

“எங்கள் காலத்தில் இப்படியா இருந்தோம்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையும் இல்லை, படிப்பில் நாட்டமும் இல்லை.” மாணவ நண்பர்களே, இதைக் கேட்காதவர் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். கல்லூரி ஆசிரியர் அறையில் புதிய வகுப்பு வந்து சேரும் ஒவ்வோர் ஆண்டும் நானும் கேட்கிறேன். வெறும் புலம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. உங்களுக்குப் பொறுமை இல்லை என்று முடிவு கட்டிய ஆசிரியர், நேரம் பிடிக்கும் ஒரு சோதனையை உங்கள் கையில் கொடுக்காமல் தாமே செய்து காட்டிவிடுவார். நட்டம் உங்களுக்குத்தான்.

சற்று யோசித்தால், இது இரண்டு காலங்களை ஒப்பிடும் ஓர் அளவீடு என்பது புரியும். அப்படியானால் இதை எந்தக் கருவியால் அளந்தார்கள்?

பொறுமையை அளக்கக் கருவி இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் வால்டர் மிஷெல் என்ற உளவியல் அறிஞர் ஓர் எளிய சோதனை நடத்தினார். குழந்தையின் முன் பஞ்சு போன்ற மார்ஷ்மெல்லோ முதலிய தின்பண்டம் ஒன்றை வைப்பார்கள். “நான் வெளியே போய்வருகிறேன். திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். முடியாவிட்டால் மணியை அடி, ஒன்று கிடைக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். குழந்தை எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறது என்பதே அளவு. கடிகாரம் போதும், யாருடைய அபிப்பிராயமும் தேவையில்லை.

இதே சோதனை 1980களிலும் 2000களிலும் மீண்டும் நடந்தது. மூன்று காலத்து அளவுகளையும் ஸ்டெஃபனி கார்ல்சனும் உடன் ஆய்வாளர்களும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டனர். அதற்கிடையே 358 அமெரிக்கப் பெரியவர்களிடம் விடையை ஊகிக்கவும் சொன்னார்கள். இன்றைய குழந்தைகள் குறைவான நேரமே காத்திருப்பார்கள் என்றவர்கள் 72 சதவீதம். கடிகாரமோ நேர்மாறாகச் சொன்னது. பத்து நிமிட அளவையில் 2000களின் குழந்தைகள் 1960களின் குழந்தைகளைவிடச் சராசரியாக 2 நிமிடமும், 1980களின் குழந்தைகளைவிட 1 நிமிடமும் கூடுதலாகக் காத்திருந்தார்கள்! அமெரிக்கக் குழந்தைகளின் அளவு இது. நம் ஊருக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் பெரியவர்களின் ஊகம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஏன் சாய்கிறது? வெர்னியர் அளவியின் தாடைகள் சேர்ந்திருக்கும்போது இரு சுழிகளும் பொருந்தாமல் விலகியிருந்தால், அதைக்கொண்டு எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் அந்த விலகல் ஒளிந்திருக்கும். இதைச் சுழிப்பிழை என்று படித்திருக்கிறீர்கள். ‘எங்கள் காலம்’ என்ற அளவியிலும் அப்படி ஒரு பிழை உண்டு. 2019இல் ஜான் புரோட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் இருவரும் 3,458 அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வு அதைக் காட்டியது. நிறையப் படிக்கும் பெரியவர்களே, ‘இன்றைய பிள்ளைகள் படிப்பதில்லை’ என்று அதிகம் சொன்னார்கள். அதிகாரத்துக்குப் பணிவதைப் பெரிதாக மதிப்பவர்களே, ‘இன்று மரியாதை இல்லை’ என்று அதிகம் சொன்னார்கள். தமது சிறுவயதில் பக்கத்து பெஞ்சுக்காரன் எத்தனை புத்தகம் படித்தான் என்பது யாருக்கு நினைவிருக்கும்? அந்த வெற்றிடத்தை மனம் இன்றைய ‘நான்’ஐக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது.

அவர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பெரியவர்களுக்கு ஒரு சிறு தேர்வு வைத்து, சிலரிடம் ‘நீங்கள் அதிகம் படித்தவரல்லர்’ என்று வேண்டுமென்றே பொய்யான முடிவைச் சொன்னார்கள். அதன் பிறகு அவர்கள் இளைஞர்களைப் பற்றிச் சொன்ன குறையும் தணிந்தது. பிள்ளைகளிடம் எந்த மாற்றமும் இல்லை. அளவியின் சுழி மட்டும் நகர்ந்தது.

அதற்காகப் பெரியவர்களின் கவலை எல்லாமே பொய் என்று கிளம்பிவிடாதீர்கள். நார்வே நாட்டில் இராணுவத்தில் சேரும் இளைஞர்கள் எல்லாருக்கும் அறிவுத்திறன் தேர்வு உண்டு. பல பத்தாண்டுகள் ஏறிவந்த அதன் மதிப்பெண், 1975ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பின் இறங்கத் தொடங்கியது. இதுவும் அளந்து கண்டதுதான். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே இந்த இறக்கம் தெரிகிறது. ஆகவே காரணம் பரம்பரையில் இல்லை, வளர்ந்த சூழலில் இருக்கிறது. அந்தச் சூழலில் எது காரணம் என்பதில்தான் ஆய்வாளர்களிடையே விவாதம்.